தீப்பெட்டியைக் காக்க ஒரு 20 ரூபாய்க் கோடு

டீக்கடைத் தூணில் சணலில் கட்டித் தொங்கும் பிளாஸ்டிக் லைட்டரை எல்லோரும் பார்த்திருப்போம். அது தொங்கும் இடத்தில் முன்பு ஒரு தீப்பெட்டி கிடக்கும். 10 ரூபாய் லைட்டர் ஒன்று 20 தீப்பெட்டிகளின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்று 2022 செப்டம்பரில் முதல்வர் மு.க. ஸ்டாலின் ஒன்றிய அரசுக்குக் கடிதம் எழுதினார். 14 ஆண்டு 1 ரூபாயிலேயே நின்ற தீப்பெட்டி 2021 டிசம்பரில்தான் 2 ரூபாய் ஆகியிருந்தது. அப்படியென்றால் 40 ரூபாய் வியாபாரத்தை 10 ரூபாய் தின்றுவிடுகிறது. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் பக்கம் குச்சி அடுக்கியும் பெட்டி ஒட்டியும் பிழைக்கும் பெண்களுக்கு இது நேரடி அடி.

2023 ஜூன் இறுதியில் ஒன்றிய அரசு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஒரு லைட்டரின் விலை, காப்பீடு, கப்பல் கூலி மூன்றும் சேர்ந்து 20 ரூபாய்க்குக் கீழே இருந்தால் இறக்குமதி செய்யக் கூடாது. 20 அல்லது அதற்கு மேல் என்றால் தாராளமாகக் கொண்டுவரலாம்.

வரியைக் கூட்டாமல் ஏன் இப்படி? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்துக்கு 4 ரூபாய்க்கு வந்து சேரும் லைட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 50 சதவீத வரி போட்டாலும் 6 ரூபாய்தான் ஆகும். கடையில் அப்போதும் 10 ரூபாய்க்கு விற்கலாம். மலிவான பொருளுக்குச் சதவீத வரி கொசுக்கடி மாதிரி. குறைந்தபட்ச விலைக் கோடு அப்படியல்ல. 4 ரூபாய்ச் சரக்கை நேர்வழியில் உள்ளே விடவே விடாது. விலை உயர்ந்த லைட்டர் வாங்குகிறவருக்கோ ஒரு பாதிப்பும் இல்லை. அவர் எப்படியும் தீப்பெட்டி வாங்கப்போவதில்லை.

சரி, கோடு போட்டாயிற்று. ஆனால் அந்தக் கோடு முழு லைட்டருக்குத்தான். அதன் உடலைத் தனியாக, சக்கரத்தைத் தனியாக, வால்வைத் தனியாகக் கொண்டுவந்தால்? சுங்கப் பட்டியலில் உதிரிபாகங்களுக்கு வேறு எண். அவற்றை இறக்கி இங்கே பூட்டி விற்றால், அது உள்நாட்டுத் தயாரிப்பு! தீப்பெட்டி உற்பத்தியாளர்கள் மறுபடியும் டெல்லிக்கு நடந்தார்கள். 2024 அக்டோபரில் பாக்கெட் லைட்டர் பாகங்களின் இறக்குமதிக்கும் தடை வந்தது.

வேடிக்கை என்னவென்றால், இதே நாடகம் நூறு வருடத்துக்கு முன்பு இதே தீப்பெட்டியை வைத்தே நடந்திருக்கிறது. 1922இல் பிரிட்டிஷ் இந்திய அரசு வெளிநாட்டுத் தீப்பெட்டிக்கு ஒரு குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் வரி விதித்தது. பெட்டிக்கு 2 பைசா என்று நினைத்துவிடாதீர்கள், 2 பை. ரூபாய்க்குப் பதினாறு அணா என்றிருந்த காலத்தில், அது ஓர் அணாவில் ஆறில் ஒரு பங்கு. நம் காதுக்கு ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். ஆனால் சரக்கின் விலையும் அந்த அளவில்தான் இருந்தது. உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பது அதன் நோக்கமல்ல, கஜானாவை நிரப்புவதுதான். இருந்தாலும், அந்த வரி மறைவில் இங்கே ஆலைகள் முளைத்தன. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலின் முன்னோடிகளான அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் கற்க அங்கிருந்து கல்கத்தாவுக்கு ரயில் ஏறியதும் அதே 1922இல்தான்.

அப்போதும் சிலர் சந்து கண்டுபிடித்தார்கள். மருந்து முக்காத வெறும் குச்சியையும் பெட்டி மடிக்கும் மெல்லிய மரத்தகட்டையும் இறக்குமதி செய்து, இங்கே மருந்து மட்டும் தடவினார்கள். 1924இல் அவற்றுக்கும் வரி போட்டு அரசு அந்தக் குறுக்கு வழியை அடைத்தது. 1922, 1924, பிறகு 2023, 2024. பூட்டும் சாவியும் அதேதான்.

இன்னொரு தலைவலி, வரி ஜெயித்தால் வருமானம் தோற்கும். வெளிச்சரக்கு குறையக் குறைய சுங்க வசூலும் படுத்துவிட்டது. ஈடுகட்ட 1934இல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கே கலால் வரி போட்டார்கள். யாரை வளர்த்துவிட்டதோ அவர்கள் மடியிலேயே அரசு கைவைத்தது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது சுவீடன்காரர்கள் செய்ததுதான். இந்தியச் சந்தைக்குத் தீப்பெட்டி அனுப்பிக்கொண்டிருந்த அவர்கள் வரியைப் பார்த்து ஒதுங்கவில்லை. பாகம் பாகமாகக் கொண்டுவரும் வேலையோடும் நிற்கவில்லை. சுவருக்கு உள்ளேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 1923இல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி, சுருக்கமாக விம்கோ, தொடங்கப்பட்டது. பணம் வெளிநாட்டினுடையது, ஆலை இந்தியாவில். சட்டப்படி அதுவும் உள்நாட்டு உற்பத்தியாளர்தான். எந்த வரி சிவகாசியைக் காத்ததோ, அதே வரி சிவகாசியின் பெரிய போட்டியாளரையும் காத்தது.

வடசென்னையில் திருவொற்றியூர்ப் பக்கமும் அவர்களுக்கு ஒரு ஆலை இருந்தது. இன்று மெட்ரோவில் வடக்கே கடைசி நிலையம்வரை போனால் இறங்கும் இடம் விம்கோ நகர் டிப்போ.