விடுவித்த மெமரி எங்கே போனது? கெர்னல் இடைமுகம் எழுதுவோர் கவனத்துக்கு

ஒரு சர்வர் ப்ராசஸ் வேலை முடிந்து ஜிபி கணக்கில் மெமரியை விடுவித்துவிட்டது. கண்காணிப்புத் திரையிலோ ஆர்எஸ்எஸ் (ப்ராசஸ் இப்போது பிடித்துவைத்திருக்கும் ராம் அளவு) கோடு இறங்கவே இல்லை. 'மெமரி லீக்', அதாவது விடுவிக்க வேண்டிய மெமரியை நிரல் விடாமல் வைத்திருக்கிறது என்று டிக்கெட் வருகிறது. தோண்டிப் பார்த்தால் சில சமயம் லீக்கே இருக்காது. நிரல் சரி, இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலும் சரி. நடுவிலிருக்கும் இடைமுகம் என்ன வாக்குக் கொடுத்தது என்பது யாருக்கும் தெளிவாகத் தெரியாததுதான் கோளாறு.

கெர்னல் மெமரியைப் பேஜ் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துக் கையாள்கிறது. லினக்ஸில் எம்அட்வைஸ் என்ற சிஸ்டம் கால் (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பு) மூலம்தான் ரன்டைம்கள், அதாவது நிரலோடு சேர்ந்து ஓடி மெமரியை நிர்வகிக்கும் பகுதிகள், 'இந்தப் பேஜ்கள் வேண்டாம்' என்று கெர்னலுக்குச் சொல்கின்றன. அதில் 'டோன்ட்நீட்' என்ற தேர்வைக் கொடுத்தால் பேஜ்கள் அப்போதே போய்விடும். மறுபடி தொட்டால் பேஜ் ஃபால்ட் (பேஜ் இல்லை என்று கெர்னலிடம் போகும் குறுக்கீடு), பூஜ்யம் நிரப்பிய புதுப் பேஜ். 2016இல் லினக்ஸ் 4.5 கொண்டுவந்த 'ஃப்ரீ' என்ற தேர்வு அப்படியில்லை. பேஜை இருந்த இடத்திலேயே விட்டுவைத்து, மெமரி நெருக்கடி வந்தால்தான் எடுக்கும். அதற்குள் ப்ராசஸ் அதில் எழுதிவிட்டால் புதுப் பேஜ் ஒதுக்கும் செலவு மிச்சம்.

அருமையான யோசனை. கோ மொழியின் ரன்டைம் 2019இல் வந்த 1.12 பதிப்பில் இதற்கு மாறியது. ஆர்எஸ்எஸ் கூடுதலாகத் தெரியலாம் என்று வெளியீட்டுக் குறிப்பிலேயே எழுதியிருந்தார்கள். ஆனால் அலாரம் வைப்பவரும், எண்ணைப் பார்த்து ப்ராசஸை நிறுத்தும் ஸ்க்ரிப்டும் அந்தக் குறிப்பைப் படிப்பதில்லையே! 2021இல் 1.16 பதிப்பு டோன்ட்நீட்டுக்கே திரும்பியது. ஆர்எஸ்எஸ் உண்மைப் பயன்பாட்டைக் காட்டட்டும் என்பதுதான் காரணம்.

என் கருத்தில், ஃப்ரீயின் குறை வேகத்தில் இல்லை, அளவீட்டில் இருக்கிறது. ப்ராசஸின் மெமரிக் கணக்கைக் கெர்னல் காட்டும் எஸ்மேப்ஸ் கோப்பில், ஃப்ரீ என்று சொல்லியும் இன்னும் எடுக்கப்படாத அளவைச் சொல்லும் 'லேசிஃப்ரீ' என்ற வரி சேர்ந்தது லினக்ஸ் 4.12இல்தான், அதாவது 2017இல். வசதி வந்து ஒரு வருடத்துக்கு மேல் கழித்து அதை அளக்கும் வழி வந்தது. பேஜின் நிலையை மாற்றும் எந்த இடைமுகமும் அந்த நிலையைக் காட்டும் எண்ணோடு சேர்ந்தே வர வேண்டும். லீக் என்று டிக்கெட் போடுவதற்கு முன் அந்தக் கோப்பில் ஆர்எஸ்எஸ் வரியையும் லேசிஃப்ரீ வரியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் நெருக்கமாக இருந்தால் அங்கே லீக் இல்லை.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பேஜை எடுக்கும்போது அதே ப்ராசஸ் ஓடும் மற்ற கோர்களின் டிஎல்பியிலும் (எந்த முகவரி எந்தப் பேஜில் இருக்கிறது என்று நினைவில் வைக்கும் சிறு அட்டவணை) பழைய பதிவை அழிக்கச் சொல்ல வேண்டும். 1 ஜிபியை 4 கேபி பேஜ்களாக ஒவ்வொன்றாக விடுவித்தால் 2,62,144 அழைப்புகள். தொடர்ச்சியான பகுதியை ஒரே அழைப்பில் கொடுங்கள்.

இதைவிட ஆபத்தானது, பேஜ் என்றால் 4096 பைட் என்று நிரலில் எழுதிவைப்பது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பேஜ் கொண்ட சாதனங்களுக்கும் ஆதரவு உண்டு. அங்கே முகவரி 16 கேபி எல்லையில் இல்லாவிட்டால் எம்அட்வைஸ் பிழை திருப்பும். அதுவாவது பரவாயில்லை, உடனே தெரிந்துவிடும். முகவரி எல்லையில் சரியாக அமைந்து நீளம் மட்டும் 4096 என்றால், கெர்னல் நீளத்தை முழுப் பேஜுக்கு உயர்த்திக்கொள்ளும். டோன்ட்நீட் என்று சொன்ன 4 கேபியோடு, பக்கத்தில் உயிரோடிருந்த 12 கேபி தரவும் சத்தமில்லாமல் பூஜ்யமாகிவிடும். பேஜ் அளவை நிரல் ஓடும்போது சிஸ்கான்ஃப் என்ற ஃபங்ஷன் மூலம் கேட்டு வாங்குங்கள்.