ஸ்கூட்டர் – துள்ளுந்து: பேரு எங்கேருந்து வந்துச்சு?

கியர் இல்லாத வண்டி எதப் பாத்தாலும் ஸ்கூட்டின்னு சொல்ற பழக்கம் நம்மகிட்ட நல்லா ஊறிப்போச்சு. ஸ்கூட்டிங்கறது ஒரு கம்பெனி தன்னோட மாடலுக்கு வச்ச பேரு, வண்டி வகைக்குப் பேரு ஸ்கூட்டர். கியர் இல்லைன்னாதான் ஸ்கூட்டர்னு நினைக்கறதும் சரியில்ல, 1946ல இத்தாலில வந்த முதல் வெஸ்பாலயே கியர் உண்டு, இடது கைப்பிடிய முறுக்கி மாத்தணும். பெல்ட்டும் புல்லியும் தானா பாத்துக்கற இப்ப இருக்குற ஏற்பாடு எல்லாம் பரவலானது பின்னாடிதான்.

அப்ப எத வச்சு ஸ்கூட்டர்னு சொல்றதுன்னா, உருவத்த வச்சுத்தான். சீட்டுக்கும் ஹேண்டில்பாருக்கும் நடுவுல இடம் காலியா இருக்கும், டேங்க் குறுக்க நிக்காது, அதனால காலத் தூக்கிப் போடாம அப்படியே உள்ள வச்சு ஏறி உக்காந்து ரெண்டு பாதத்தையும் தட்டையான பலகைல வச்சுக்கலாம், எஞ்சின் சீட்டுக்கு அடில மூடியிருக்கும், முன்னாடி இருக்குற தகடு சேறு கால்ல அடிக்காம மறைக்கும். சக்கரமும் பைக்க விட சின்னது. தினமும் வேலைக்குப் போறவங்களுக்கு உடுப்பு அழுக்காகாம போய்ச் சேர இதான் வசதி, வெஸ்பாவ வடிவமைச்ச கொராடினோ தஸ்கானியோ விமான எஞ்சினியர், அவருக்கு மோட்டார் சைக்கிளே பிடிக்காது, அதுல என்னென்ன தொந்தரவோ அதையெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வரைஞ்சாரு. முன் சக்கரத்த விமானச் சக்கரம் மாதிரி ஒரே பக்கம் தாங்க விட்டாரு, பஞ்சர் ஆனா கழட்டி மாட்டறது சுலபம்.

சரி, சொல்லுக்கு வருவோம். இங்கிலீஷ்ல ‘ஸ்கூட்’னு ஒரு வினைச்சொல் இருக்கு, விசுக்குன்னு நழுவி ஓடுறதுன்னு அர்த்தம். வேர் ஸ்காண்டிநேவிய மொழிப் பக்கம்னு சொல்லாராய்ச்சி பண்றவங்க பலரும் சொல்றாங்க. அதுலேருந்து ஸ்கூட்டர், முதல்ல புள்ளைங்க ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு இன்னொரு கால தரைல உதைச்சு ஓட்டற வண்டிக்குத்தான் அந்தப் பேரு. அதுக்கு எஞ்சின் மாட்டி அமெரிக்காவுல 1915ல ஆட்டோபெட்னு ஒண்ணு வந்துச்சு, சீட்டே கிடையாது, நின்னுக்கிட்டே போகணும், ஹேண்டில் தண்ட முன்னாடி தள்ளுனா ஓடும், பின்னாடி இழுத்தா பிரேக். சீட்டு வச்சதும் உருவம் மாறுச்சு, பேரு மட்டும் பழசே ஒட்டிக்கிச்சு.

தமிழ்ல துள்ளுந்துன்னு சொல்றாங்க. துள்ளு + உந்து. உந்துன்னா முன்னால தள்ளுறது, பேருந்து, சரக்குந்துல வர்ற அதே உந்துதான், எஞ்சினோட வேலைய அந்த ஒரு சொல்லே சொல்லிடுது, அதனால தனியா மோட்டார்னு சேக்க வேண்டியதில்ல. துள்ளுறதும் நழுவி ஓடுறதும் ஒண்ணான்னு கேட்டா ஒண்ணு இல்ல, ஆனா மூலச்சொல் மாதிரியே இதுவும் சட்டுனு கிளம்பற அசைவ வச்சுப் பிறந்த சொல், வாய்க்கும் எளிசா வருது, அதனால எனக்கு இது பிடிச்ச சொல்தான். சீனமொழில அசைவ விட்டுட்டு கால் வைக்கிற பலகைய வச்சுப் பேரு வச்சிருக்காங்க, பலகை வண்டின்னு அர்த்தம் வரும். வண்டியோட அடையாளமே அந்தப் பலகைதாங்கறதால அதுவும் ரொம்பப் பொருத்தம். ஜெர்மன்காரங்க உருளுறத வச்சு ரோலர்ங்கறாங்க.

மொபெட் வேற, அத துள்ளுந்துன்னு சொல்லக்கூடாது. சுவீடன்ல மோட்டாரையும் பெடலையும் சேத்து உண்டாக்குன சொல் அது, பெடல் இருந்த வண்டிக்கு வச்சது.

இப்ப புதுசா வந்திருக்குற குழப்பம் இ-ஸ்கூட்டர். பேட்டரில ஓடுற சீட்டு வண்டிக்கும் அதான் பேரு, நின்னுக்கிட்டு போற மடக்கு வண்டிக்கும் அதான் பேரு, செய்தில படிச்சா எதச் சொல்றாங்கன்னே பாதி நேரம் புரியாது. தமிழ்ல எழுதுறவங்க இத சுலபமா பிரிச்சுடலாம், உக்காந்து போறத மின்துள்ளுந்துன்னும், காலால உதைச்சுப் போறத உதைவண்டின்னும், அதுலயே பேட்டரி இருந்தா மின்னுதைவண்டின்னும் எழுதுனா படிக்கறவங்களுக்கு உடனே வண்டி கண்ணு முன்னாடி வந்துடும்.