தோலோடு எடுத்துப் போங்கள்

“நீங்க சொன்னீங்கன்னுதான் மேடம் பப்பாளி எடுத்துட்டுப் போனேன். மூணாவது நாளே வயித்தால போயிருச்சு.”

காரைக்குடியில் உணவு ஆலோசகராக நான் வேலை பார்க்கத் தொடங்கிய இரண்டாவது வருடம், வங்கியில் வேலை பார்க்கும் ஒரு பெண் என் முன்னால் உட்கார்ந்து இப்படிச் சொன்னார். வயது 38. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. காலை 8.30 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் மதியச் சாப்பாடு 2 மணிக்கு மேல்தான். நடுவில் 11 மணிக்குப் பக்கத்துக் கடையிலிருந்து வாழைக்காய் பஜ்ஜியும் டீயும் வரும். அதை நிறுத்திவிட்டுப் பழமோ காயோ டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவரும் அக்கறையாகக் காலை 6 மணிக்கே பப்பாளியை நறுக்கி, பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் வைத்துத் தேவகோட்டைக்குப் போயிருக்கிறார். சித்திரை மாதம். டப்பாவைத் திறக்கும்போது மணி பதினொன்றரை.

பப்பாளிதான் காரணம் என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்கு வேறு காரணம் தேடத் தோன்றவில்லை. என்ன சாப்பிட வேண்டும் என்று சொன்ன நான், அது எத்தனை மணி நேரம், எந்தச் சூட்டில் கிடக்கும் என்று கேட்கவே இல்லை. தவறு என்னுடையது. அதைவிட வருத்தம், “பச்சையா சாப்பிட்டா நமக்கு ஆகாது” என்று முடிவு கட்டி அவர் திரும்பவும் பஜ்ஜிக்கே போய்விட்டது. இதே வார்த்தையை அதற்குப் பிறகு எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். பச்சையாகச் சாப்பிடுவது பெரும்பாலானவர்களுக்கு ஆகாமல் போவதில்லை. அதைக் கொண்டுபோகும் முறைதான் நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவரவில்லை.

நம் வீட்டுப் பலகாரங்களை நினைத்துப் பாருங்கள். சீடை, தேன்குழல், மாவுருண்டை எல்லாம் டின்னில் போட்டு வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும். கத்தரி வற்றலும் மாவற்றலும் அடுத்த வருடம் வரைக்கும் கூடத் தாங்கும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போன ஊர் இது. கெடாமல் வைப்பது எப்படி என்று இங்கே ஆச்சிமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான், பண்டத்திலிருந்து ஈரத்தை எடுத்தார்கள். வறுத்தோ பொரித்தோ வெயிலில் காயவைத்தோ எடுத்தார்கள். கிருமி வளர ஈரம் வேண்டும், அது இல்லையென்றால் பண்டம் சீக்கிரம் கெடாது.

நறுக்கிய பப்பாளி இதற்கு நேர் எதிர். முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர், கூடவே இனிப்பு, தோலும் போய்விட்டது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். நறுக்கிய பழம் குளிர்சாதனப் பெட்டிக்கு வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளிச்சூடு 32 டிகிரியைத் தாண்டினால் அந்த 2 மணி நேரமும் 1 மணி நேரமாகிவிடும். பங்குனியிலிருந்து ஆவணி வரை நம் பக்கம் நண்பகலுக்கு முன்பே 32ஐத் தாண்டும் நாட்கள்தான் அதிகம். ஸ்கூட்டர் டிக்கிக்குள் இருக்கும் சூட்டைச் சொல்லவே வேண்டாம்.

அதனால் இப்போது என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: ஒன்று, பண்டத்தில் ஈரம் இருக்கக் கூடாது. இல்லையென்றால், அதன் தோல் அதன்மேல் இருக்க வேண்டும். நறுக்குவதாக இருந்தால் சாப்பிடும் இடத்தில், சாப்பிடும் நேரத்தில் நறுக்குங்கள்.

தோலோடு போகும் பண்டங்களில் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொய்யாதான். 100 கிராம் கொய்யாவில் சுமார் 200 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியது 65 மில்லிகிராம், ஆணுக்கு 80. ஒரு நடுத்தரக் காய் போதும், கணக்கு முடிந்துவிடும். நன்றாகக் கனிந்து கொழகொழவென்று இருப்பதைவிட, செங்காயாகக் கடித்தால் கடுக்கென்று இருப்பதை எடுங்கள். பையில் நசுங்காது, சர்க்கரைக்காரர்களுக்கும் அதுதான் நல்லது. நெல்லிக்காய் அதைவிடச் சின்னது, சட்டைப் பையிலேயே இரண்டு போட்டுக்கொள்ளலாம்.

வெள்ளரிப்பிஞ்சு பேருந்து நிலையத்தில் கீறி, உப்பு மிளகாய்த்தூள் தடவி விற்பதுதான். வீட்டிலிருந்து முழுசாக எடுத்துப் போனால் பாதுகாப்பு. அதில் 95 சதவீதம் தண்ணீர், வெயில் காலத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? ஓடும் தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்து எடுத்துப் போங்கள். தோலைத்தான் சீவப்போகிறோமே என்று கழுவாமல் விடாதீர்கள், தோலில் இருக்கும் அழுக்கைக் கத்தி உள்ளே கொண்டுபோகும். சோப்பு போட்டுக் கழுவ வேண்டாம். மெல்லிய பருத்தித் துணியை நனைத்துப் பிழிந்து அதில் பிஞ்சைச் சுற்றிப் பனையோலைக் கூடையான கொட்டானில் வைத்தால் மதியம் வரை வாடாமல் குளுமையாக இருக்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே விதம்தான், ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துப் போகிறது. மூடிய பிளாஸ்டிக் டப்பாவில் இது நடக்காது, காற்று வேண்டும். பனையோலைக் கொட்டானில் காற்று புகும். புவிசார் குறியீடு வாங்கிய கொட்டானைக் கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்க மட்டும் வைத்திருக்கிறோமே என்று எனக்கு ஆதங்கம் உண்டு.

புதுவயலில் அரிசி ஆலையில் கணக்கு பார்க்கும் அண்ணன் ஒருவர் வேறு சிக்கலோடு வந்தார். “கை கழுவவே நேரம் இருக்காதும்மா, எங்க பார்த்தாலும் தவிட்டுத் தூசி.” அவருக்கு நான் சொன்னது வாழைப்பழம். தோலைப் பாதி உரித்துப் பிடித்துக்கொண்டால் கை சதையில் படாமலே சாப்பிட்டுவிடலாம். பூவனோ கற்பூரவல்லியோ, சின்னப் பழமாக ஒன்று. கூட ஓட்டோடு நிலக்கடலை.

கடலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏழையின் பாதாம் என்று சொல்வார்கள், எனக்கு அந்தப் பேர் பிடிக்காது. புரதத்தில் பாதாமுக்கு அது குறைந்ததில்லை. ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் கடலையில் 7 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலில், 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு ஒரு நாளைக்குக் கொட்டைகளும் விதைகளுமாக 35 கிராம் என்று போட்டிருக்கிறார்கள். ஒரு கைப்பிடிக் கடலை ஏறக்குறைய அந்த அளவு. இரண்டு கைப்பிடி ஆனால் எடை ஏறும், அதையும் சொல்லிவிடுகிறேன், 30 கிராமிலேயே 170 கலோரி இருக்கிறது.

ஊறவைத்த கடலை வயிற்றுக்கு இதம் என்று நிறையப் பேர் ராத்திரி ஊறப்போடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஊறினால் ஈரம் வந்துவிட்டது, நான் சொன்ன கணக்கு அப்படியே மாறிவிடும். ஊறியதை வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள், பைக்குள் போக வேண்டியது காய்ந்த கடலை. அதிலும் சுருங்கியது, கறுத்தது, பூஞ்சை பூத்தது, கசப்பது எதையும் வாயில் போடாதீர்கள். ஈரம் பட்ட கடலையில் வளரும் ஒருவகைப் பூஞ்சை அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுசாகப் போகாது. ஒரு கசப்புக் கடலை வாயில் பட்டால் துப்பிவிடுங்கள், விழுங்கிவிட்டு அடுத்ததை எடுக்காதீர்கள்.

முளைகட்டிய பயறு விஷயத்தில் என்னோடு சண்டை போடாதவர்கள் குறைவு. பச்சையாகச் சாப்பிட்டால்தான் சத்து என்று நம்புகிறார்கள். முளைகட்டினால் வைட்டமின் சி கூடுவது உண்மை, இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் ஃபைடேட் குறைவதும் உண்மை. ஆனால் பயறு முளைக்க என்ன வேண்டுமோ, அதே வெதுவெதுப்பும் ஈரமும்தான் கிருமிக்கும் வேண்டும். 2011இல் ஜெர்மனியில் முளைகட்டிய வெந்தயத்தால் பரவிய ஈ.கோலை கிருமித் தொற்றில் 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நல்ல சுகாதார வசதி உள்ள நாட்டில் நடந்தது இது. அதனால் வேலைக்குக் கொண்டுபோகும் முளைப்பயறு பச்சையாக வேண்டாம் என்பது என் கருத்து, அதில் நான் இறங்கி வருவதில்லை. இட்லித் தட்டில் வைத்து ஆவி நன்றாகப் படும்படி 5, 7 நிமிடம் வேகவிடுங்கள். கொஞ்சம் வைட்டமின் போகும், போகட்டும். வெந்த பிறகும் அது ஈரமான பண்டம்தான், வெந்ததிலிருந்து 2 மணி நேரத்துக்குள், வெயில் கடுமையான நாளில் 1 மணி நேரத்துக்குள் சாப்பிடும் ஆளாக இருந்தால் மட்டும் எடுத்துப் போங்கள். கர்ப்பிணிகள், சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் வீட்டிலும் பச்சை முளையைத் தொட வேண்டாம். தேங்காய்ச் சில்லும் சீக்கிரம் பிசுபிசுத்துவிடும் பண்டம், அதற்குப் பதில் பொட்டுக்கடலையும் உலர்திராட்சையும் டப்பாவில் இருந்தால் கவலையே இல்லை.

நறுக்கித்தான் கொண்டுபோக வேண்டும், ஆபீஸில் கத்திக்கு இடமில்லை என்பவர்களுக்கு ஒரே வழி குளிர்தான். சின்னத் தண்ணீர் பாட்டிலில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி ராத்திரி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். காலையில் நறுக்கியதைக் கொஞ்ச நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து, அப்புறம் அந்தப் பாட்டிலோடு ஒட்டினாற்போல் ஒரே பையில் வைத்துக் கட்டுங்கள். பை உங்கள் மேஜைக்கு அடியில் இருக்கட்டும், ஜன்னலோரத்திலும் வண்டி டிக்கியிலும் வேண்டாம். திறக்கும்போது டப்பா தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் கொட்டிவிடுங்கள், பாவம் பார்க்காதீர்கள்.

ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்களுக்கு இந்த யோசனை எதுவும் சரிப்படாது. கிடைப்பது 5 நிமிடம். கடைகளில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தமே வந்தது, உட்கார்ந்து ஒரு வாழைப்பழம் சாப்பிடவும் முதலாளிகள் விட்டால் நன்றாக இருக்கும். அவர்களுக்கு இரண்டு நெல்லிக்காயும் ஒரு சின்னப் பொட்டலம் கடலையும் சொல்கிறேன். பொட்டலம் என்றதும் செய்தித்தாளைக் கிழிக்காதீர்கள். அச்சு மை உடம்புக்கு ஆகாது, உணவைச் செய்தித்தாளில் மடிக்கக் கூடாது என்று 2018ஆம் வருட உணவுப் பொதிவு விதிகளிலேயே இருக்கிறது. சின்ன எவர்சில்வர் சம்புடம் போதும். மாங்காய்க்கும் நெல்லிக்காய்க்கும் உப்புத்தூள் தனியாகக் கட்டிக்கொண்டு போகும் பழக்கத்தை மட்டும் குறையுங்கள். நாள் முழுவதற்கும் மொத்த உப்பே 5 கிராமுக்குள், ஒரு டீஸ்பூன்தான்.

இரண்டு பேருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களுக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் கை நடுங்கி வியர்க்கலாம். அப்போது வெள்ளரிப்பிஞ்சும் கடலையும் உதவாது, உடனே 3 டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும், கொஞ்சம் சரியானதும் ஏதாவது சாப்பிட வேண்டும். பையில் ஒரு ஓரமாகச் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். அடுத்து, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். வாழைப்பழம், கொய்யா, கடலை எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. மருத்துவரைக் கேட்காமல் நான் மேலே சொன்ன எதையும் தொடங்க வேண்டாம்.

அந்த வங்கிப் பெண் இரண்டு வருடம் கழித்துத் திரும்பி வந்தார். இந்த முறை நான் முதலில் கேட்டது மேஜையில் இழுப்பறை உண்டா என்றுதான். இப்போது அதில் ஒரு சின்னக் கத்தியும் தட்டும் இருக்கிறது, காலையில் பையில் ஒரு கொய்யாவோ இரண்டு பிஞ்சோ முழுசாகப் போகிறது. பக்கத்து இருக்கைக்காரரும் தட்டில் கை வைப்பதால் இரண்டாக எடுத்துப் போகிறாராம். போன ஐப்பசியில் வந்தபோது, மழைக்காலத்தில் கடலை நமுத்துப் போகிறதே, என்ன செய்ய என்று கேட்டார். மழை விடும் நாளில் வெயிலில் நன்றாகக் காயவைத்து, சூடு ஆறிய பிறகு மூடி இறுகும் டின்னில் போடச் சொன்னேன். வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு, பெரிய டின்னுக்குள் ஈரக் கையை விடாமல் இருக்கச் சொன்னேன்.