‘மேலும்’ பொத்தானுக்கு முன்னால் என்ன எழுதுகிறோம்?

சிறுதொழில் செய்பவர்களின் முகநூல், இன்ஸ்டாகிராம் பக்கங்களுக்கு எழுதித் தருவது என் வேலை. புதிதாக ஒரு பக்கம் கைக்கு வந்தால் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்ப்பேன். ‘அனைவருக்கும் இனிய காலை வணக்கம்’ என்று தொடங்கும். அடுத்து கடையின் பெயர். அப்புறம் ‘பாரம்பரியமும் தரமும்’. சொல்ல வந்த விஷயம் ஐந்தாவது வரியில் இருக்கும். அதுவரை யாரும் வருவதில்லை.

இன்ஸ்டாகிராமில் ஒரு பதிவுக்கு 2,200 எழுத்துக்குறிகள் வரை எழுதலாம். ஆனால் போனைத் தள்ளிக்கொண்டே போகிறவர் கண்ணில் படுவது ஏறக்குறைய முதல் 125 குறிகள்தான். மிச்சமெல்லாம் ‘மேலும்’ என்ற பொத்தானுக்குப் பின்னால். தமிழில் இந்த இடம் இன்னும் சுருங்கும். ‘கொ’, ‘க்’ எல்லாம் நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு குறிகள். போதாததற்கு நம் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில்தான் வந்து நிற்கும். ‘பல ஆண்டுகளாக எங்களிடம் வாங்கிவரும் வாடிக்கையாளர் ஒருவர் சென்ற வாரம் கடைக்கு வந்திருந்தபோது எங்களிடம் கேட்ட…’ என்று நீட்டினால், அவர் என்ன கேட்டார் என்று தெரிவதற்குள் வரி அறுந்துவிடும். முதல் வாக்கியம் ஏழெட்டுச் சொல்லில் முடிய வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

மரச்செக்கு எண்ணெய் விற்கும் ஒருவர் ‘நச்சுன்னு ஒரு லைன் வேணுங்க’ என்று வந்தார். அவரே ஒன்று எழுதியும் வைத்திருந்தார்: ‘இந்த எண்ணெய்க்கு மாறினால் மாரடைப்பே வராது!’ அதை ஓரமாக வைத்துவிட்டு, “போன் பண்றவங்க உங்ககிட்ட அதிகமா என்னங்க கேக்கறாங்க?” என்றேன்.

“அதை ஏங்க கேக்கறீங்க. அடியில கசண்டு நிக்குது, எண்ணெய் கெட்டுப்போச்சான்னுதான் தினமும் கேக்கறாங்க.”

முதல் வரி கிடைத்துவிட்டது: ‘கடலை எண்ணெயின் அடியில் கசண்டு நிற்கிறதா? கொட்டிவிடாதீர்கள்.’ அதன் கீழே காரணத்தை எழுதினோம். செக்கில் ஆட்டிய எண்ணெயை ஆலையில் செய்வதுபோல் சுத்திகரிப்பதில்லை. தெளியவைத்து வடிகட்டுவதோடு சரி. அதனால் பொடிப்பொடியான கடலைத் துகள்கள் மெல்ல அடியில் இறங்கும். சிக்கு வாடை அடித்தால்தான் எண்ணெய் கெட்டது என்று அர்த்தம்.

அந்தக் கேள்வி வீட்டில் எண்ணெய் டின் வைத்திருப்பவரின் சொந்தச் சந்தேகம். ‘உங்களுக்குத் தெரியுமா?’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் அந்தப் பிடிப்பு வராது. பல் மருத்துவர் ஒருவருக்கும் இதே வழிதான். ‘அதிநவீன சிகிச்சை’யை எடுத்துவிட்டு, ‘ஜில் தண்ணி குடித்தால் ஒரு பல் மட்டும் கூசுகிறதா?’ என்று தொடங்கினோம். வரவேற்பில் இருக்கும் பெண்ணிடம் நோயாளிகள் சொல்லும் வார்த்தை அது.

மாரடைப்பு வரிக்கு வருகிறேன். கண்ணை இழுக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதை நம்பி யாரோ ஒரு வீட்டில் பெரியவர் மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? எழுதுகிற நாம் அந்த வீட்டை நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும். சூரணம், லேகியம் விற்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். சர்க்கரை நோயையும் புற்றுநோயையும் குணமாக்கும் என்று ஒரு மருந்தை விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

‘உண்மையான தமிழன் என்றால் ஷேர் செய்’, ‘மூன்று நண்பர்களை டேக் செய்யுங்கள்’ வகை வரிகளும் வேண்டாம். இப்படிக் கெஞ்சி லைக், ஷேர் வாங்கும் பதிவுகளைக் கீழே தள்ளப்போவதாக முகநூல் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

காசு வாங்கியோ பொருளை இலவசமாக வாங்கியோ எழுதுகிறவர்களுக்கு ஒன்று. இந்திய விளம்பரத் தரக் கவுன்சில் 2021இல் தந்த வழிகாட்டுதல்படி, அது விளம்பரம் என்பது முதல் இரண்டு வரிக்குள்ளேயே, ‘மேலும்’ அழுத்தாமலே தெரிய வேண்டும். ஹாஷ்டேக் கூட்டத்துக்கு நடுவில் கடைசியில் செருகுவது செல்லாது. ஆகவே ‘விளம்பரம்’ என்ற சொல்லுக்கும் இடம் ஒதுக்கியே முதல் வரியைத் திட்டமிடுங்கள். பதிவேற்றும் முன் உங்கள் போனில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். கணினித் திரையில் முழுசாகத் தெரிந்த வரி போனில் பாதியிலேயே நிற்கும்.