கவுன்சில் வீட்டுத் தள்ளுபடியும் தலையில் கட்டப்பட்ட கடனும்

இங்கிலாந்தில் உள்ளாட்சி மன்றம் வாடகைக்குத் தரும் கவுன்சில் வீட்டில் குடியிருப்பவர் அதைத் தள்ளுபடி விலைக்கு வாங்கிக்கொள்ள வழிசெய்யும் 'ரைட் டு பை' 1980இல் சட்டமானது. ஒன்றரை லட்சம் பவுண்ட் பெற்ற வீடு ஒரு லட்சத்துக்குக் கிடைத்தபோது வாங்கியவருக்கு மட்டுமா மகிழ்ச்சி? தவணை நின்றாலும் வீட்டை விற்று முதலை எடுத்துவிடலாம் என்பதால் கடன் கொடுத்தவருக்கும்தான். வாங்குபவரின் சம்பளத்தைச் சரியாகப் பாராமலே பல கடன்கள் கைமாறியதற்கு இதுவே காரணம்.

உங்கள் கடனும் அப்படித் தலையில் கட்டப்பட்டதா என்று அறிய, கடன் கோப்பில் முதலில் பார்க்க வேண்டியது விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் வருமானத்தைத்தான். சம்பளச் சீட்டே கேட்காத 'செல்ஃப் சர்ட்' கடன்கள் 2014க்கு முன் உண்டு. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, வருமானத் தொகையைக் கடனை ஏற்பாடு செய்த புரோக்கரே நிரப்பியிருக்கலாம். படிவத்தின் நகல் கையில் இல்லாவிட்டால் உங்களைப் பற்றி வைத்திருக்கும் தகவலைத் தரக் கேட்கும் 'சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வெஸ்ட்' ஒன்றைக் கடன் கொடுத்தவருக்கு அனுப்புங்கள். கட்டணம் இல்லை, பொதுவாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும்.

அடுத்து, கடனின் வகை. ஒரு லட்சம் பவுண்ட், 6 சதவீதம், 25 ஆண்டு என்று வைத்துக்கொள்வோம். வட்டி மட்டும் கட்டினால் மாதம் 500; முதலும் சேர்த்தால் சுமார் 644. "வாடகையை விடக் குறைவு" என்று காட்டப்பட்டது அந்த 500. கடைசி நாளில் ஒரு லட்சம் அப்படியே நிற்கும் என்பதையும், அதை எதைக்கொண்டு அடைப்பது என்பதையும் யாராவது கேட்டார்களா? தவணைக்காலம் ஓய்வு வயதைத் தாண்டுகிறதா என்றும் பாருங்கள்.

வாடகையோடு ஒப்பிடுவதிலேயே பிழை இருக்கிறது. வாடகைக்குக் கிடைத்த ஹவுசிங் பெனிஃபிட் என்ற அரசு உதவி, மார்ட்கேஜுக்கு, அதாவது வீட்டுக் கடனுக்கு, கிடையாது. பாய்லர் பழுதும் இனி உங்கள் செலவு. பிளாட் என்றால் பொதுப் பராமரிப்புக்கான சர்வீஸ் சார்ஜும், கூரை, லிஃப்ட் வேலைக்கான பெரிய பில்லும் சேரும். விற்பனை விலையைச் சொல்லிக் கவுன்சில் தரும் 125ஆம் பிரிவு நோட்டீஸில் இந்தச் செலவுகளுக்கு முதல் ஐந்தாண்டுக்கான மதிப்பீடு இருக்கும். அந்த ஐந்தாண்டில் மதிப்பீட்டை விலைவாசி உயர்வுக்கு மேல் கூட்ட முடியாது. ஆறாம் ஆண்டில் அந்தக் காப்பு இல்லை.

தள்ளுபடியால் கிடைத்த இடைவெளியில் கிரெடிட் கார்டு பாக்கியையும் புரோக்கர் கட்டணத்தையும் கடனில் சேர்ப்பது இன்னொரு வேலை. 3,000 பவுண்ட் கட்டணம் இதே கணக்கில் முடியும்போது சுமார் 5,800 ஆகியிருக்கும். வீட்டைத் தொடாத கார்டு கடன், இப்போது வீட்டின் மீதே உட்கார்ந்துவிடுகிறது.

விற்றுத் தப்பலாம் என்றால் அதற்கும் விலை உண்டு. முதலாண்டில் விற்றால் தள்ளுபடி முழுவதையும் கவுன்சிலுக்குத் திருப்ப வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

புகாரை முதலில் புரோக்கருக்கோ கடன் கொடுத்தவருக்கோ எழுத்தில் அனுப்புங்கள். எட்டு வாரத்தில் பதில் வராவிட்டாலோ, வந்தது சரியில்லாவிட்டாலோ, நிதி நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் நிதி ஓம்புட்ஸ்மனிடம் இலவசமாகப் போகலாம். உங்களுக்காகப் புகார் நடத்திக் கமிஷன் கேட்கும் கிளெய்ம் கம்பெனி தேவையில்லை. கடன் விற்று ஆறு ஆண்டு, அல்லது தவறு தெரியவந்து மூன்று ஆண்டு: எது பிந்தியதோ அதுவே கெடு. இறுதிப் பதில் கடிதம் கிடைத்தால் அதன் தேதியிலிருந்து ஆறு மாதம்தான். புகார் போட்டாயிற்று என்று தவணையை நிறுத்திவிடாதீர்கள். கடன் கொடுத்தவர் வீட்டைக் கைப்பற்றப் போடும் வழக்கு அதற்காகக் காத்திருக்காது.