மதகில் இருப்பவருக்கும் களைக்கும்

விடிவதற்கு முன்னமே ஏ9 வீதியோரம் ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்காகப் பெண்பிள்ளைகள் நிற்பதைக் கிளிநொச்சிப் பக்கம் பார்க்கலாம். பத்து மணியளவில் அதே சந்தி மதகில் வேலை கிடைக்காத பெடியள் வந்து இருப்பார்கள். "பாவம், அவளவைக்குத்தான் கஷ்டம்; இவங்கள் சும்மாதானே இருக்கிறாங்கள்" என்று ஊர் சொல்லும். ஆனால் அந்தச் 'சும்மா' உடம்புக்கு ஓய்வு இல்லை; அதுவும் மன அழுத்தம்தான்.

நெருக்கடி என்று மூளை உணர்ந்ததும், சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல இருக்கும் அட்ரீனல் சுரப்பிகளுக்கு இரண்டு வழியால் செய்தி போகிறது. நரம்பு வழி வேகமானது: சில வினாடிகளில் அட்ரினலின் பாய்ந்து நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும். இரத்த வழி மெதுவானது: மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலமஸ், அதன் கீழே உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியைத் தூண்ட, அது அட்ரீனலைத் தூண்ட, கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் உச்சத்துக்கு ஏற 20 முதல் 30 நிமிடம் ஆகும். இரத்தத்தில் சர்க்கரையைக் கூட்டி உடம்புக்குத் தெம்பு தருவது அதுதான். காரியம் முடிந்ததும் மூளைக்கே திரும்பிப்போய், 'இனிப் போதும்' என்று நிறுத்த வைப்பதும் அதுதான்.

வயலுக்குள் யானை இறங்கினால் இந்த ஏற்பாடு அருமையாக வேலை செய்யும். வெடி கொளுத்தி விரட்டியதும் எல்லாம் அடங்கிவிடும். கிழமைக் கடன் அப்படிப் போகாது. காசு கேட்டு வருவது செவ்வாய்க்கிழமை என்றால் யோசனை ஞாயிறே தொடங்கிவிடும். இரவில் தணியவேண்டிய கோர்ட்டிசோல் தணியாவிட்டால் நித்திரை கெடும். மாதக்கணக்கில் இப்படியே போனால் இரத்த அழுத்தம் ஏறும், நோய் எதிர்ப்பு குறையும். 2009 வரை பதுங்குகுழிக்கு ஓடிப் பழகிய உடம்புகளும் இங்கே இருக்கின்றன. அவற்றில் இந்த அபாயமணி இன்னும் சுலபமாக அடித்துவிடலாம்.

வேலையில் இருப்பவரை எது அதிகம் வாட்டுகிறது? வேலைப்பளு மட்டுமல்ல என்று 1979இல் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் எழுதினார். பளு கூடி, அதைத் தன் விருப்பப்படி மாற்ற அதிகாரமும் இல்லாத இடத்தில்தான் மன அழுத்தம் உச்சம். மணித்தியாலத்துக்கு இத்தனை உருப்படி என்று மேற்பார்வையாளர் குறித்துவிட, தண்ணீர் குடிக்க எழும்பவும் யோசிக்கும் தையல்காரியின் நிலை அதுதான்.

வேலை இல்லாதவரின் கதையைச் சமூக உளவியலாளர் மரி யஹோடாவும் கூட்டாளிகளும் ஆஸ்திரியாவின் மரியந்தால் கிராமத்தில் கண்டு 1933இல் வெளியிட்டார்கள். ஆலை மூடியபின் அங்கே நேரம் தாராளமாக இருந்தும் நூலகத்தில் புத்தகம் இரவல் வாங்குவது குறைந்துபோனது. வீதியில் நடப்பவர்களின் வேகத்தை அளந்தபோது, ஆண்கள் மெதுவாக, நின்று நின்று நடந்தார்கள். வீட்டுவேலை இருந்த பெண்கள் அப்படி நடக்கவில்லை. சம்பளத்தோடு சேர்த்து, நாளுக்கு ஒரு ஒழுங்கையும் ஆட்களோடு பழக்கத்தையும் 'நான் இன்னார்' என்ற மதிப்பையும் வேலை தருகிறது என்று யஹோடா பின்னாளில் விளக்கினார். இதை வாசித்தபிறகு மதகில் இருக்கும் ஒரு பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொல்பவர்களை மறித்துப் பேசவும் செய்கிறேன்.

சமாளிப்பதில் இரண்டு வகை உண்டு என்று உளவியலாளர்கள் லாசரஸும் ஃபோக்மனும் 1984இல் பிரித்தார்கள்: பிரச்சினையையே மாற்றுவது, பிரச்சினை எழுப்பும் உணர்வை ஆற்றுவது. எதை எங்கே பாவிப்பது என்பதில்தான் விஷயம். கடன் தவணையைப் பேசி மாற்ற வழி இருந்தால் பேசத்தான் வேண்டும். மூச்சுப் பயிற்சி கடனைக் கட்டாது. தொழிற்சாலை இலக்கை ஒருத்தி தனியே மாற்ற முடியாது. அங்கே ஒரே வரிசையில் தைக்கும் தோழியிடம் மனம் விட்டுக் கதைப்பதும், மூச்சை மெதுவாக நீட்டி வெளியே விடுவதும் உதவும். மூச்சு வெளியேறும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தணிக்கிறது. கசிப்பும் சாராயமும் முதலில் கண்ணைச் சொருக வைத்து, பின்னிரவு நித்திரையைக் குலைத்துவிடும்.

வேலை தேடுபவருக்கு ஒழுங்குதான் முதல் மருந்து. விடிய ஒரே நேரத்துக்கு எழும்பி, வெளிச்சத்தில் நடந்து, தோட்டத்துக்கோ வாசிகசாலைக்கோ என்று போக ஓர் இடம் வைத்திருந்தால் உடம்பின் கடிகாரம் பிசகாது. கிழமைக்கணக்காக நித்திரையும் பசியும் இல்லாவிட்டால், வாழ்ந்து என்ன என்ற எண்ணம் தலைகாட்டினால், ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவனத்தின் தொலைபேசி இலக்கம் 1926. கூட ஒருவர் போனால் அந்தப் படியேறுவது லேசு.