போர்ல மனசுக்கு பட்ட காயத்துக்கும் டிஸபிலிட்டி பென்ஷன் உண்டு

ஆர்மில கையோ காலோ போனா பென்ஷன் உண்டுன்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா உடம்பு முழுசா திரும்பி வந்து, ராத்திரி தூக்கம் இல்லாம, கதவு சடார்னு சாத்துற சத்தத்துக்கே திடுக்குனு எந்திரிச்சு உக்காந்துகிட்டு, பொண்டாட்டி புள்ளைங்ககிட்ட கூட பேச்சைக் குறைச்சுகிட்டு இருக்கற ஆளுக்கும் அதே விதியில இடம் இருக்கு. இது நிறைய குடும்பத்துக்குத் தெரியாததால, "ஆளு மாறிட்டாரு, குடிக்கிறாரு, கோவக்காரரு"ன்னே வருஷக்கணக்கா ஓடிடுது.

முதல் உலகப்போர் சமயத்துல இதை 'ஷெல் ஷாக்'னு சொன்னாங்க, அப்ப கோழைன்னு பேர் வாங்கினவங்களும் நிறைய பேர். 1980ல தான் அமெரிக்க மனநல டாக்டர்களோட நோய்ப் பட்டியல்ல பிடிஎஸ்டினு (பயங்கரமான அனுபவத்துக்கு அப்புறம் வர்ற மன பாதிப்பு) தனி நோயா ஏறுச்சு. நம்ம ஆர்மியும் மனசை கணக்குல எடுக்காம இல்ல. மெடிக்கல் கேட்டகரிக்கு 'ஷேப்'னு சொல்வாங்க இல்லையா, அதுல முதல் எழுத்தான 'எஸ்' மனநிலையைத்தான் குறிக்குது, காது கண்ணு எல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். 2023 செப்டம்பர் 21ல இருந்து புது விதி அமல்ல இருக்கு, அதுக்கு அப்புறம் வெளிய வந்தவங்க அதை வச்சு தான் பாக்கணும். நான் சொல்றது அதுக்கு முன்னாடி வந்தவங்களுக்கு.

வெளிய வரும்போது ரிலீஸ் மெடிக்கல் போர்டு (ஆர்மி டாக்டர்கள் குழு) உக்காரும், சர்வீஸ் முடியறதுக்கு முன்னாடியே நோயால அனுப்பினா இன்வேலிடிங் போர்டு. அந்த பேப்பர்ல ரெண்டு கேள்விதான் முக்கியம். இந்த நோய் சர்வீஸால வந்துச்சா (அட்ரிபியூட்டபிள்), இல்ல சர்வீஸால மோசமாச்சா (அக்ரவேட்டட்). ரெண்டுல ஒண்ணுக்கு 'ஆமா'ன்னு இருந்தா போதும். ரெண்டும் இல்லன்னு எழுதுறதைத்தான் 'நானா'னு சொல்வாங்க, மனநோய் கேஸ்ல பலருக்கும் விழறது இதுதான்.

அங்கயே மனசு விட்டுடாதீங்க. ஆர்மி டாக்டர்களுக்குன்னு பென்ஷன் கைடு ஒண்ணு இருக்கு, 2008ல திருத்தினது, அதுல பாரா 54 முழுக்க மனநோய் பத்தித்தான். சண்டை நடக்கற இடம், தீவிரவாத எதிர்ப்பு ஏரியா, ரொம்ப உயரமான மலை, ஆள் நடமாட்டமே இல்லாத போஸ்ட், இங்க எல்லாம் டியூட்டில இருக்கும்போது நோய் ஆரம்பிச்சா அது சர்வீஸால வந்ததுன்னு ஒத்துக்கணும்னு அதுல இருக்கு. இன்னொண்ணு, படிச்சப்ப எனக்கே மனசு கனத்துப் போச்சு: பொண்டாட்டியோ புள்ளையோ இறந்து, டியூட்டி காரணமா லீவு கிடைக்காம, அதுல இருந்து மூணு மாசத்துக்குள்ள மனநோய் வந்தா, சர்வீஸால மோசமானதா எடுத்துக்கணும். நோய் தெரிஞ்ச பிறகும் மறுபடி அந்த மாதிரி ஏரியாவுக்கே அனுப்பி அங்க முத்திப்போனாலும் அப்படித்தான். அதனால முதல் தடவை எப்ப, எங்க போஸ்டிங்ல இருக்கும்போது ஆஸ்பத்திரியில சேத்தாங்கன்னு பாருங்க, கேஸே அதுல தான் நிக்குது. போர்டு நடவடிக்கை காப்பி கையில இல்லன்னா ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்க, ஆர்டிஐ போட்டும் வாங்கலாம்.

கோர்ட் பக்கம் பாத்தா, 2013ல தரம்வீர் சிங் கேஸ்ல (அது வலிப்பு நோய் கேஸ்) சுப்ரீம் கோர்ட் தெளிவா சொல்லிடுச்சு, சேரும்போது எந்த நோயும் குறிக்கலன்னா பின்னாடி வந்தது சர்வீஸால வந்ததுன்னு தான் அனுமானம், இல்லன்னா போர்டு காரணம் எழுதணும், நிரூபிக்கற பாரம் சிப்பாய் மேல இல்ல. ஆனா இதை மட்டும் நம்பிப் போகாதீங்க. 2019ல ஒரு சிசோஃப்ரினியா கேஸ்ல, சேரும்போது இந்த நோயைக் கண்டுபிடிக்கறது கஷ்டம்னு போர்டு சொன்னதை ஏத்துக்கிட்டு அதே கோர்ட் பென்ஷன் கொடுக்கல. 2025ல இன்னொரு சிசோஃப்ரினியா கேஸ்ல போர்டு காரணமே எழுதலன்னு பென்ஷன் கொடுக்கச் சொல்லுச்சு. அப்ப உங்க பேப்பர்ல காரணம் எழுதியிருக்கா, இல்ல ஒரே வரியில முடிச்சிருக்காங்களாங்கறது தான் முதல்ல பாக்க வேண்டியது.

பணம் எவ்வளவுன்னா, 100 சதவீத பாதிப்புக்கு கடைசி சம்பளத்துல 30 சதவீதம். முழு சர்வீஸ் முடிச்சு வந்தவங்களுக்கு குறைஞ்சது 20 சதவீத பாதிப்பு இருக்கணும், ஆனா 50க்கு கீழ இருந்தா 50ன்னும், 50ல இருந்து 75 வரைக்கும் 75ன்னும், அதுக்கு மேல 100ன்னும் ரவுண்ட் பண்ணணும். கடைசி சம்பளம் 40,000, பாதிப்பு 30 சதவீதம்னு வைங்க, 50ன்னு எடுத்து மாசம் 6,000, அதுக்கு மேல அகவிலைப்படி. இது சர்வீஸ் பென்ஷனோட சேர்த்து வர்றது. 2014 டிசம்பர்ல ராம் அவதார் கேஸ் தீர்ப்புக்கு அப்புறம் முழு சர்வீஸ் முடிச்சவங்களுக்கும் இந்த ரவுண்டிங் உண்டு.

ரிஜெக்ட் லெட்டர் வந்தா ஆறு மாசத்துக்குள்ள முதல் அப்பீல், அதுவும் போனா ரெண்டாவது அப்பீல், அப்புறம் ஆர்ம்டு ஃபோர்ஸஸ் ட்ரைபியூனல் (ராணுவத்துக்காரங்க கேஸுக்குன்னே இருக்கற தனி தீர்ப்பாயம்). சென்னையிலயே பெஞ்ச் இருக்கு, டெல்லிக்கு அலைய வேண்டியதில்ல. வருஷக்கணக்கா தள்ளிப் போயிருந்தாலும் பென்ஷன் மாசாமாசம் வர வேண்டியதுங்கறதால கேஸ் போடலாம், ஆனா அரியர்ஸ் பொதுவா கேஸ் போட்ட தேதிக்கு முந்தின மூணு வருஷத்துக்கு மட்டும்தான். தள்ளிப் போடற ஒவ்வொரு மாசமும் ஒரு மாச காசு போகுது.

ட்ரீட்மெண்ட்டுக்கு இந்த கேஸ் முடியற வரைக்கும் காத்திருக்காதீங்க. இசிஹெச்எஸ் (முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவத் திட்டம்) கார்டு இருந்தா பாலிகிளினிக்ல காமிச்சு மனநல டாக்டருக்கு ரெஃபர் வாங்குங்க. அங்க போகவே ஆளு ஒத்துக்கலன்னா அரசோட மனநல ஹெல்ப்லைன் டெலி மானஸ் நம்பர் 14416, ஃப்ரீ, தமிழ்லயே பேசலாம், வீட்டுல இருக்கறவங்களும் கூப்பிடலாம்.